கருப்புப் புகையும் பெட்ரோல் வாடையும்: காரைக்குடிப் பட்டறையிலிருந்து பதில்கள்

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, பெட்ரோல் கார். புகை கருப்பாக வருகிறது, மைலேஜ் 16-லிருந்து 11-க்கு வந்துவிட்டது. பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பொறுங்கள் தம்பி. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். உங்கள் வண்டியில் பெட்ரோல் கூடுகிறது. ஏன் கூடுகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இங்கே உண்டு. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். வால்வு இல்லாவிட்டால் ஓட்டத்தில் இன்ஜின் சூடேறாது. இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி ஓட்டி வாருங்கள். காரைக்குடி வந்து சேரும்போது கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். வால்வு சரியாக இருந்தால் கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரைச் சந்தேகப்படலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும். கூலன்ட் மட்டும் வெகுவாகக் குறைத்துக் காட்டினால் அந்தச் சென்சார்தான் பொய் சொல்கிறது.

பள்ளத்தூரிலிருந்து: ஸ்கேனரில் பி0172 என்ற கோளாறுக் குறி வருகிறது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் அதிகம் என்று அது சேதி சொல்கிறது, அவ்வளவுதான். ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், மைனஸ் 10-க்கும் கீழே நிற்கிறதா பாருங்கள். நின்றால், கம்ப்யூட்டர் குறைக்கக் குறைக்க வேறெங்கிருந்தோ பெட்ரோல் வருகிறது. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரில் வேக்யூம் டியூப் உள்ள வண்டி என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் ஜவ்வு கிழிந்திருக்கிறது. இல்லையென்றால் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் டியூபில் வெடிப்பு, ஒழுகும் இன்ஜெக்டர் என்று பார்த்துக்கொண்டு போகலாம்.

கானாடுகாத்தானிலிருந்து: அப்பச்சி காலத்து அம்பாசடர், கல்யாணத்துக்காக எடுத்தோம். ஒரே புகை, கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டுகிறது.

ஆச்சி, அதை இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். வருஷக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு மூடாமல் நிற்கும். டேங்கை வடித்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, அதன் உள்ளே மிதக்கும் ஃப்ளோட்டின் மட்டம் வைத்து, சோக் கேபிள் முழுக்கத் திரும்புகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல வண்டி, விற்றுவிடாதீர்கள்.

கோட்டையூரிலிருந்து: செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டர் அடைத்தால் இப்படிக் கருப்புப் புகை ஆகுமா?

கார்புரேட்டர் வண்டியில் ஆகும். இன்ஜெக்ஷன் வண்டி காற்றை அளந்துதான் பெட்ரோல் விடும். அதில் இழுவைதான் குறையும்.

புதுவயலிலிருந்து: ஆயில் கம்பியில் பெட்ரோல் வாடை. மட்டமும் ஏறியிருக்கிறது.

ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிட்டது, பேரிங் தேய்ந்துபோகும். காரணத்தைச் சரிசெய்த கையோடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். முதலில் ஆயிலை மாற்றினால் அதுவும் ஒரு வாரத்தில் வீணாகும்.