வயல் ரோட்டில் எவ்வளவு வேகம், யாருக்கு வழி?

மட்டக்களப்புப் படுவான்கரை வயல் ரோட்டில் வேகப் பலகை இல்லையே, மணிக்கு 70 கிலோமீற்றரில் போகலாமா, சைக்கிளுக்கும் மாட்டுக்கும் நாம்தான் ஒதுங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலங்கைச் சட்டப்படி குடிமனைகளுக்கு வெளியே காருக்கு 70, உள்ளே 50. ஆட்டோவுக்கு எங்கும் 40. ஆனால் இவை உச்ச வரம்புகள்தான். 50இல் போகிறவருக்கு, பிரேக் பிடிக்க எடுக்கும் ஒரு வினாடியையும் சேர்த்தால், காய்ந்த தார் ரோட்டிலேயே நிற்க ஏறக்குறைய 28 மீற்றர் வேண்டும். 30இல் 13 போதும். கிறவலில் இரண்டுமே கூடும். வாய்க்கால் ஓரத்து வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. அறுவடை நேரம் பாதி ரோட்டில் நெல் காயும், மிச்சத்தில் லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியோடு வரும். அங்கே 30 தாண்டுவது தவறு என்றே சொல்வேன்.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டப்படி சில கிராமப் பாதைகளை 'அமைதிப் பாதை' என அறிவிக்கலாம். அங்கும் அந்த அறிவிப்பால் மட்டும் வேக வரம்பு குறைவதில்லை. நடப்பவரும் சைக்கிளும் வாகனமும் பகிர்ந்துகொள்வதே நோக்கம்.

சரி, வழி யாருக்கு? நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் விடுங்கள். மாட்டுப் பட்டி வந்தால் ஹோர்ன் அடிக்காமல் நில்லுங்கள். மிரண்ட மாடு எந்தப் பக்கம் பாயும் என்று மேய்ப்பவருக்கே தெரியாது.