நாலாம் வகுப்பில் ஆறு பிள்ளைகள், பட்ஜெட்டில் ஒரே ஒரு வரி

கேள்வி: நியூ ஜெர்சியில், எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எங்களுடையது. மொத்தமே 480 பிள்ளைகள். இந்த வருடம் ப்ராப்பர்ட்டி டாக்ஸும் கூடியது, கணக்குக்கென்று தனியாக இருந்த ஆசிரியர் பணியிடத்தையும் எடுத்துவிட்டார்கள். 2023-ல் நாலாம் வகுப்புக் கணக்கில் 78 சதவீதம் தேர்ச்சி, 2024-ல் 65. எட்டாம் வகுப்பில் வெறும் 22. நிர்வாகம் கெட்டுப்போய்விட்டதா? வீட்டை விற்றுவிட்டுப் பெரிய டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போய்விடலாமா? நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம், ஓட்டு கிடையாது. யாரிடம் என்ன கேட்பது?

பதில்: நீங்கள் சொன்ன எதுவுமே நிர்வாகம் கெட்டதற்குச் சாட்சி ஆகாது. நன்றாக நடக்கிறது என்பதற்கும் ஆகாது. 480 பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரே ஒரு குடும்பம் குடிவந்தால்கூட மதிப்பெண்ணும் அசையும், பணமும் அசையும். அசைவு எது, சரிவு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மதிப்பெண். ஒரு வகுப்பில் 46 பேர் என்று வைத்துக்கொள்வோம். 78 சதவீதம் என்றால் 36 பேர், 65 சதவீதம் என்றால் 30 பேர். ஊரே பேசிய அந்த 13 புள்ளிச் சரிவு ஆறு பிள்ளைகள்தான். அந்த வருடங்களில் நடந்த மாநிலத் தேர்வான என்ஜேஎஸ்எல்ஏ-வில் மதிப்பெண் 650 முதல் 850 வரை போனது. 750 எடுத்திருந்தால் நாலாம் நிலை, அதாவது தேர்ச்சி. 749 எடுத்த பிள்ளை தேர்ச்சிக் கணக்கில் வரவில்லை. அந்த ஆறு பேரில் மூன்று பேர் 740-களில் நின்றிருக்கலாம். அதோடு, 2023-ன் நாலாம் வகுப்பும் 2024-ன் நாலாம் வகுப்பும் வேறு வேறு பிள்ளைகள். வருடத்துக்கு வருடம் அதே வகுப்பை ஒப்பிடுவதை விட்டுவிட்டு அதே பிள்ளைகளைத் தொடருங்கள்: 2022-ன் மூன்றாம் வகுப்பு, 2023-ன் நாலாம் வகுப்பு, 2024-ன் ஐந்தாம் வகுப்பு. இப்படிச் சாய்வாகப் பார்க்கும்போது ஒன்றல்ல, இரண்டு மூன்று அணிகள் ஒரே வகுப்பைத் தாண்டும்போது இறங்கினால், அந்த வகுப்பில் பாடத்திட்டமோ கற்பித்தலோ ஏதோ சரியில்லை. அப்போது கவலைப்படுங்கள்.

எட்டாம் வகுப்பின் 22 சதவீதம் கண்கட்டு வித்தை. நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பிலேயே ஆல்ஜீப்ரா-1 என்ற பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எழுதுவதில்லை. ஆல்ஜீப்ரா தேர்வைத்தான் எழுதுவார்கள். 50 பேரில் 27 பேர் அங்கே போய் அதில் 25 பேர் தேறுகிறார்கள், மீதி 23 பேரில் 5 பேர் தேறுகிறார்கள் என்றால், எட்டாம் வகுப்பு வரியில் 22 சதவீதம் என்றுதான் அச்சாகும். இரண்டையும் சேர்த்தால் 50-க்கு 30. வீடு விற்கும் இணையதளங்களில் பத்துக்கு இத்தனை என்று போடும் மதிப்பீட்டில் இந்த நுணுக்கமெல்லாம் ஏறியிருக்கும் என்று நம்பாதீர்கள். மாநிலக் கல்வித் துறை வருடந்தோறும் வெளியிடும் ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே அறிக்கையில் எஸ்ஜிபி என்று ஒன்று இருக்கும். முந்தைய வருடங்களில் இதே மதிப்பெண் எடுத்த மாநிலத்தின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதன் இடைநிலை எண் அது. சுமார் 40 முதல் 60 வரை இருந்தால் வழக்கமான வளர்ச்சி. வசதியான ஊர்களில் தேர்ச்சி சதவீதம் பெற்றோரின் படிப்பைத்தான் பெரிதும் காட்டும். பள்ளி என்ன செய்கிறது என்பதற்கு எஸ்ஜிபி நெருங்கிய சாட்சி. இதையும் ஒரு வருடத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மூன்று வருடம் தொடர்ந்து 40-க்குக் கீழே கிடந்தால் கேளுங்கள். பத்துப் பேருக்கும் குறைவான பிரிவுகளில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிதான் இருக்கும். மறைப்பதாக நினைக்க வேண்டாம், அது பிள்ளைகளின் அந்தரங்கம் காக்க.

இனி பணம். 2010-ல் வந்த சட்டப்படி, டிஸ்ட்ரிக்ட் உள்ளூர் வரியாக வசூலிக்கும் மொத்தத் தொகையை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ், மாணவர் எண்ணிக்கை உயர்வு போன்ற சில விலக்குகள் உண்டு. முந்தைய மூன்று வருடங்களில் ஏற்றாமல் விட்ட மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மொத்த வசூல் 2 சதவீதம் ஏறினால் உங்கள் வீட்டு வரியும் அதே 2 சதவீதம்தான் ஏறும் என்று இல்லை. ஊரில் வீடுகளின் மதிப்பை மறுபடி கணக்கிட்ட வருடத்தில் பக்கத்து வீட்டுக்குக் குறைந்து உங்களுக்கு மட்டும் கூடலாம். அதற்குப் பள்ளியைத் திட்டிப் பயனில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டால் ஆசிரியர் பணியிடம் ஏன் போனது என்று புரியும். உள்ளூர் வரி 1 கோடி டாலர் என்றால் 2 சதவீதம் 2 லட்சம். சம்பளம் 65 லட்சம். ஒப்பந்தப்படி 3 சதவீத உயர்வு என்றால் அதற்கே 1 லட்சத்து 95 ஆயிரம் போய்விடும். இன்ஷூரன்ஸ் 16 லட்சம், பிரீமியம் 10 சதவீதம் ஏறினால் இன்னும் 1 லட்சத்து 60 ஆயிரம். இதற்கு மேல், சிறப்புத் தேவை உள்ள ஒரு பிள்ளைக்குத் தனியார் சிறப்புப் பள்ளியில் இடம் தரவேண்டி வந்தால் கட்டணம் 90 ஆயிரம், போக்குவரத்து 40 ஆயிரம். வந்தது 2 லட்சம், போக வேண்டியது கிட்டத்தட்ட 4 லட்சத்து 85 ஆயிரம். மாநில நிதியுதவி இந்தப் பள்ளத்தை நிரப்பும் அளவுக்குச் சின்ன ஊர்களுக்கு ஏறுவது அரிது. ஒரு நல்ல ஆசிரியரை இழந்ததற்கு யாரும் கையாடியிருக்க வேண்டியதில்லை.

அந்தக் கடைசிச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஇபி (சிறப்புத் தேவைக்காக எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம்) உள்ள பிள்ளைக்குத் தேவையான கல்வியைத் தரவேண்டியது கூட்டரசுச் சட்டம். பட்ஜெட் மே மாதத்தில் முடிந்து செப்டம்பரில் ஒரு குடும்பம் குடிவந்தாலும் அன்றிலிருந்தே பொறுப்பு டிஸ்ட்ரிக்டுடையது. அசாதாரணச் செலவுக்கு மாநிலம் ஈடு தரும்: தனியார் சிறப்புப் பள்ளி என்றால் 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகையில் 75 சதவீதம் என்கிறது சட்டம். 90 ஆயிரத்துக்கு 26,250 டாலர். அதுவும் முழுதாக வருவதில்லை, செலவு முடிந்த பிறகுதான் வரும். பட்ஜெட்டில் இது 11-000-100-566 என்ற குறியீட்டில் இருக்கும். கூட்டத்தில் தொகையைக் கேளுங்கள். எந்தப் பிள்ளை, எந்த வீடு என்ற திசையில் ஒரு சொல்கூடப் போக வேண்டாம். சின்ன ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

பட்ஜெட்டில் 566-க்குச் சற்று மேலே 561 என்று ஒரு செலவு வரி இருக்கிறதா பாருங்கள். அது வேறு டிஸ்ட்ரிக்டின் உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டும் கட்டணம். எட்டு வரை உள்ள டிஸ்ட்ரிக்ட்கள் இரண்டு வகை. கிரான்பரி தன் பிள்ளைகளைக் கட்டணம் கட்டி பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புகிறது. வாரன், வாட்சங், லாங் ஹில் ஊர்கள் சேர்ந்து வாட்சங் ஹில்ஸ் ரீஜனல் என்ற தனி டிஸ்ட்ரிக்டை வைத்திருக்கின்றன; அதற்கான டாக்ஸ் உங்கள் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்லில் தனி வரியாக வரும். கட்டணம் கட்டும் முறையில் முதலில் உத்தேசத் தொகையைக் கட்டிவிட்டு, உண்மைச் செலவு உறுதியான பின் ஓரிரு வருடம் கழித்து மிச்சத்தைச் சரிக்கட்டுவார்கள். திடீரென்று விழும் பெரிய ஓட்டைக்கு இது ஒரு பழைய காரணம்.

அப்படியானால் கெட்ட நிர்வாகத்தை எங்கே காண்பது? தணிக்கை அறிக்கையில். ஏசிஎஃப்ஆர் என்பார்கள், நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். முழுதும் படிக்கத் தேவையில்லை. சி-1 என்ற அட்டவணையில் தொடக்க பட்ஜெட், இடமாற்றம், இறுதி பட்ஜெட், உண்மைச் செலவு என்று பத்திகள் இருக்கும். ஒரே செலவு வரிக்கு வருடா வருடம் குறைவாக எழுதிவிட்டு நடுவில் பணத்தை நகர்த்துகிறார்களா என்று பாருங்கள். அட்டவணையின் கடைசியில் உபரியின் பிரிப்பு இருக்கும். நியூ ஜெர்சியில் ஒதுக்கப்படாத உபரிக்கு உச்சவரம்பு உண்டு: பொது நிதிச் செலவில் 2 சதவீதம் அல்லது இரண்டரை லட்சம் டாலர், எது அதிகமோ அது. 1 கோடியே 20 லட்சம் செலவிடும் டிஸ்ட்ரிக்ட்டுக்கு 2 சதவீதம் என்பது 2 லட்சத்து 40 ஆயிரம்தான். ஆக இரண்டரை லட்சம் வைத்திருக்கலாம். மூன்று வருடமாக அங்கேயே நின்றால் ஆரோக்கியம். இரண்டரை, ஒன்றே கால், நாற்பதாயிரம் என்று இறங்கினால், பழைய சேமிப்பைத் தின்று பட்ஜெட்டைச் சமன் செய்கிறார்கள் என்று அர்த்தம். சேமிப்பு தீரும் வருடத்தில் ஒன்றல்ல, நாலைந்து பணியிடங்கள் போகும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பி-1 என்ற இருப்புநிலைக் குறிப்பில் அந்த உபரி சொற்பமாகவோ மைனஸாகவோகூடத் தெரியலாம். ஜூனில் வரவேண்டிய மாநில உதவியின் கடைசித் தவணைகளை மாநிலம் ஜூலையில் தருகிறது. கணக்கியல் விதிப்படி அதை ஜூன் 30-ல் முடியும் வருடத்தில் காட்ட முடியாது. சி-1-ல் அதைச் சேர்த்துத்தான் கணக்கு. பி-1-ஐ மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்து நின்றால் டிஸ்ட்ரிக்டின் பணக் கணக்கைப் பார்க்கும் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் அரை நிமிடத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

தணிக்கையாளர் தனியாகத் தரும் நிர்வாக அறிக்கையில், முந்தைய வருடக் குறை இந்த வருடமும் திரும்ப வந்திருக்கிறதா பாருங்கள். ஒரு குறை எங்கும் வரும். அதே குறை இரண்டாம் முறை வருவதுதான் மோசம். மூன்று வருடத்தில் மூன்று பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் மாறியிருந்தால், எனக்கு அது எந்த மதிப்பெண்ணைவிடவும் பெரிய எச்சரிக்கை. சின்ன இடங்களில் அந்தப் பதவியையும், டிஸ்ட்ரிக்டை நடத்தும் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் பதவியையும் பக்கத்து டிஸ்ட்ரிக்டோடு பகிர்ந்துகொள்வது சாதாரணம், அதில் தப்பில்லை.

யாரிடம் கேட்பது? டிஸ்ட்ரிக்டின் கல்வி போர்டு உறுப்பினர்கள் சம்பளம் வாங்காதவர்கள், தேர்தலில் வந்தவர்கள், பதவிக்காலம் மூன்று வருடம். பள்ளியை நடத்துவது அவர்கள் வேலை அல்ல. நடத்துகிறவரை நியமித்து, பட்ஜெட்டையும் கொள்கையையும் நிறைவேற்றுவதுதான் வேலை. வகுப்பாசிரியர் மீதான குறையை உறுப்பினருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அவர் அதை சூப்பரின்டென்டென்டிடம் தள்ளிவிடக் கடமைப்பட்டவர். நெறிமுறைச் சட்டமே அப்படி. ஆசிரியர், பிரின்சிபால், சூப்பரின்டென்டென்ட் என்று படிப்படியாகப் போங்கள். பணமும் கொள்கையும் என்றால் நேரே போர்டு.

ஓட்டுரிமை இல்லாதது பெரிய தடையல்ல. நவம்பரில் தேர்தல் நடத்தும் டிஸ்ட்ரிக்ட்களில், வரி உயர்வு வரம்புக்குள் இருந்தால் பட்ஜெட் மக்கள் வாக்குக்கே வராது. பொதுக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை வேண்டாம். நேரம்தான் முக்கியம். பிப்ரவரி கடைசியில் ஆளுநரின் பட்ஜெட் உரைக்குப் பின் மாநில உதவித் தொகை தெரியவரும், மார்ச்சில் உத்தேச பட்ஜெட் கவுன்டி சூப்பரின்டென்டென்டுக்குப் போய்விடும். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் நடக்கும் பொது விசாரணைக்குக் கூட்டம் அலைமோதும். ஆனால் அப்போது முடிவு ஏறக்குறைய ஆறிப்போன சோறு. நிரந்தரமாகாத ஆசிரியர்களுக்கு அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்று மே 15-க்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி கூட்டங்களுக்குப் போங்கள். பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடம்தான். ஒரே கேள்வியை எண்ணோடு கேளுங்கள்: “நடப்பு பட்ஜெட்டைச் சமன் செய்ய எவ்வளவு உபரி எடுத்தீர்கள், அதில் எவ்வளவு ஜூன் மாதத்துக்குள் திரும்பச் சேரும்?” ஆவணம் வேண்டுமென்றால் ஓப்ரா என்ற மாநிலத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடலாம், ஏழு வேலை நாளில் பதில் வரவேண்டும். பட்ஜெட், பில், ஒப்பந்தம் போன்றவற்றைச் சாதாரணமாக உடனே காட்டவேண்டும்.

வீட்டை விற்பதற்கு முன், அந்தக் கணக்கு ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரியுங்கள். கீழ் வகுப்புகளில் பின்தங்கியவர்களுக்கு உதவினாரா, அல்லது ஆறு, ஏழாம் வகுப்புகளில் ஆல்ஜீப்ராவுக்குத் தயார் செய்தாரா? முதலாவது என்றால் வகுப்பாசிரியர்கள் ஓரளவு தாங்குவார்கள். இரண்டாவது என்றால், அந்த வகுப்புகளை இனி எடுப்பவரிடம் நடுநிலைப் பள்ளிக் கணக்குக்கான சான்றிதழ் இருக்கிறதா, அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா எத்தனை பிரிவு என்று சூப்பரின்டென்டென்டிடம் எழுதிக் கேளுங்கள். உங்கள் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருந்தால், உபரி, எஸ்ஜிபி எல்லாவற்றையும்விட இந்த இரண்டு பதில்தான் உங்களுக்கு வேண்டியது.