கணவர் ராணுவத்தில் இருக்கிறார், பிரிந்து வாழ்கிறேன். பிள்ளைக்கு ஜீவனாம்சம் வாங்க முடியுமா? அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரா?

போச்சம்பள்ளி பக்கம் அம்மா வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு நாலு வயசு. எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. "லீவுல வந்து பையனைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று அவர் போனில் மிரட்டுகிறார். ராணுவக்காரன் சம்பளத்தில் கோர்ட் கை வைக்க முடியாது என்று ஊரில் சொல்கிறார்கள். நான் மொரப்பூர்க்காரி, என் கணவரும் ராணுவத்தில்தான். இதே பேச்சை நம்பி ஒரு வருஷம் சும்மா இருந்தவள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் சொல்வது பாதி உண்மை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி சிவில் கோர்ட் படைவீரர் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 91-ஆவது பிரிவு, மனைவி மக்களின் பராமரிப்புக்காக ஜவானின் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் அதிகாரத்தை ராணுவத்துக்கே கொடுத்திருக்கிறது. மனைவிக்கு 22 சதவீதம் வரை, ஒரு பிள்ளைக்கு 5.5 சதவீதம், எல்லாம் சேர்த்து 33 சதவீதத்தைத் தாண்டாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் பார்த்த வக்கீலும் சொல்லவில்லை.

மனுவை உங்கள் கணவருடைய யூனிட் கமாண்டிங் ஆபீசருக்கு எழுத வேண்டும். அதற்கு அவருடைய ஆர்மி நம்பர் வேண்டும், எனக்கோ என் கணவருடையது தெரியாது. என் மகள் பாப்பாவின் துணிகளைப் போட்டுக் கொடுத்தனுப்பிய அவருடைய பழைய கறுப்பு டிரங்குப் பெட்டி பரண்மேல் கிடந்தது. என் அப்பா அதை இறக்கித் துடைத்தார். மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பர். அப்போதுதான் எண் படிக்கப் பழகியிருந்த பாப்பா ஒவ்வொன்றாக விரல் வைத்து உரக்கப் படித்தாள், நான் எழுதிக்கொண்டேன். அதை எழுதும்போது அழுதேன், ஆனால் எழுதி முடித்தேன். கல்யாணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக் நகல் எல்லாம் இணைத்து, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எப்படி எழுதுவது என்று முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கிருஷ்ணகிரியிலும் அந்த அலுவலகம் இருக்கிறது.

அவருக்கு நோட்டீஸ் போய், அவர் பதில் கொடுத்து, காகிதம் மேலே ஏறி இறங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதை நம்பிக் கோர்ட்டைத் தள்ளிப் போடாதீர்கள். ஜீவனாம்சத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 144-ஆவது பிரிவு. நீங்கள் இருக்கும் இடத்திலேயே மனு போடலாம். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்று 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியென்றால் போடாத மாதத்துக்குக் காசு இல்லை. நான் விட்ட அந்த ஒரு வருஷம் விட்டதுதான். ராணுவம் பிடித்துக் கொடுப்பதைக் கோர்ட் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும், அதில் தப்பில்லை.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100-க்குப் போன் செய்யுங்கள். ஒன்று மட்டும்: அவர் எல்லையில் இருந்தால் 1925-ஆம் ஆண்டுப் படைவீரர் வழக்குச் சட்டத்தைக் காட்டி சிவில் வழக்கில் வாய்தா வாங்கலாம். கேஸ் தோற்றுவிட்டதாக நினைத்து உடைந்து போகாதீர்கள்.

அப்புறம் பையன். ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) சட்டம் சொல்கிறது. ஐந்து முடிந்த மறுநாளே அப்பாவிடம் போய்விடும் என்று அர்த்தமில்லை. பிள்ளையின் நலம்தான் கோர்ட்டுக்குப் பெரிது. பிள்ளை எங்கே வசிக்கிறதோ அந்த மாவட்ட கோர்ட்டில்தான் காப்பாளர் வழக்கு. அதனால் நீங்களே முதலில் போட்டு, பையனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

ஆனால் தங்கச்சி, அப்பாவைப் பார்க்கவே விடமாட்டேன் என்று மட்டும் நிற்காதீர்கள். நான் நின்றேன். போனைக் கட் செய்தேன். அதை நீதிபதி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஜவானுக்கு வருஷத்துக்கு இரண்டு மாத ஆண்டு லீவு, அதுபோக முப்பது நாள் கேஷுவல். லீவில் எத்தனை நாள், எங்கே, யார் கொண்டுவந்து விடுவது என்று எங்கள் உத்தரவில் எழுதிவிட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் வீடியோ கால். பாப்பா விழுந்த பல்லைக் கேமரா முன் பிடித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் அவர் ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குள் இருந்த சண்டை வேறு, அது வேறு.

விவாகரத்து பிறகு வரட்டும். அது ஆனாலும் பையனுக்கான பணம் நிற்காது. யூனிட்டுக்கு எழுதும் மனுவிலேயே, பையன் பிறந்தது பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரம் ஏற்றும் ராணுவப் பதிவில், ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் பாப்பா பெயர் ஏறவில்லை. அதைச் சரிசெய்யவே அந்த ஏழு மாதத்தில் இரண்டு போனது.