ட்ரெயிலரின் முன்னால் சாமான் பெட்டி: தகடு வெட்டுவதற்கு முன் தராசை எடுங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் படுக்கக்கூடிய சிறிய ட்ரெயிலர் ஒன்றைத் தன் கையாலேயே செய்து, சின்ன வான் ஒன்றின் பின்னால் கொளுவிக்கொண்டு நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று மனைவியோடு போய் வருகிறார். அடுப்பு, காஸ் சிலிண்டர், தண்ணீர்க் கலன், தறப்பாள், கயிறு, பட்டரி எல்லாம் படுக்கிற இடத்திலேயே கிடக்கின்றன. ஆகவே முன்சட்டத்தின் மேல் ஒரு பெட்டி வைக்க விரும்புகிறார். எந்தத் தகடு நல்லது, எப்படிப் பொருத்துவது, பெட்டி மேல் ஏறி நிற்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். அளவுகளையும் அனுப்பியிருக்கிறார்: ஒற்றை அச்சு, பெட்டிக்குள் போகும் சாமான்கள் இல்லாமல் 360 கிலோ, கொளுக்கியிலிருந்து அச்சு வரை 220 செ.மீ., கொளுக்கியில் இறங்கும் பாரம் 30 கிலோ. 50 மி.மீ. பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்பு) இரண்டு முன்னால் கூடி ஒன்றாகும் சட்டம், உடலுக்கு வெளியே 90 செ.மீ. நீண்டிருக்கிறது.

தகட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் பாரம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். ட்ரெயிலரிலும் அதே கணக்குத்தான். மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் கொளுக்கியில் இறங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்குக் குறைந்தால், வேகம் எடுக்கும்போது ட்ரெயிலரின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். கூடினால் வானின் பின்பக்கம் பதிந்து முன்சில்லுகளில் பாரம் குறையும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது.

உங்கள் ட்ரெயிலரில் இப்போது இருப்பது 8 சதவீதம் சொச்சம். அதாவது முன்பாரம் சற்றுக் குறைவு. ஆகவே பெட்டி வைப்பது இடவசதிக்கு மட்டுமல்ல, ஓட்டத்துக்கும் நல்லது. ஆனால் அளவாக வைக்க வேண்டும்.

பெட்டி 12 கிலோ, 20 லீட்டர் தண்ணீர் 20 கிலோ, அடுப்பு, சிறிய சிலிண்டர், தறப்பாள், கயிறு எல்லாம் சேர்ந்து 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 45. பெட்டியின் நடு, அச்சிலிருந்து 150 செ.மீ. முன்னால் வரும். 45ஐ 150ஆல் பெருக்கி 220ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31. அவ்வளவும் கொளுக்கியில் கூடும். முன்பாரம் 61 கிலோ, ட்ரெயிலர் 405 கிலோ, 15 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. கொளுக்கியில் எத்தனை கிலோ இறங்கலாம் என்று வாகனக் கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். சிறிய வாகனங்களில் அது 50 முதல் 75 கிலோ வரை இருப்பது வழக்கம். உங்கள் வானுக்கு 50 என்று போட்டிருந்தால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது தண்ணீரை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே அச்சுக்கு நேர் மேலே தரையில் கட்டிவிடுங்கள். பெட்டியில் 25 கிலோ. அதில் கொளுக்கிக்குப் போவது 17. முன்பாரம் 47 கிலோ, கிட்டத்தட்ட 12 சதவீதம். மொத்தப் பாரம் அதே 405தான். ஒரு கலனின் இடத்தை மாற்றினோம், ட்ரெயிலரின் குணமே மாறிவிட்டது. இந்த ஒரு கணக்கைச் செய்யாமல் வெல்டிங் கடைக்குப் போகவே வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

முன்பாரத்தை வீட்டுத் தராசிலேயே நிறுக்கலாம். ஆள் ஏறி நிற்கும் தராசு போதும். சமதரையில் சில்லுகளுக்கு அடை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கொளுக்கியை வையுங்கள். ட்ரெயிலர் ஓடும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் கொளுக்கி இருக்கட்டும். மொத்தப் பாரத்துக்கு, நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது பெட்டியின் வடிவம். இதைக் காட்போட் மட்டையில் செய்து பாருங்கள். நீட்டுச் சதுரப் பெட்டி பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் வானைப் பின்னால் எடுத்து மடக்கித் திருப்பும்போது அதன் முன்மூலை பம்பரில் போய் இடிக்கும். உங்கள் அளவுகளுக்கு, கொளுக்கி உருண்டையிலிருந்து 45 செ.மீ. தள்ளிப் பெட்டி தொடங்கட்டும். முன்பக்க அகலம் 35, உடல் பக்க அகலம் 90, ஆழம் 40 என்று சட்டத்தின் வடிவத்துக்கே கூம்பி வந்தால் மூலை விலகிப் போகும். மட்டைப் பெட்டியைக் கட்டிவைத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாக மடக்கிப் பாருங்கள். ஒருவர் வெளியே நின்று கவனிக்கட்டும். வானின் பின்கதவு மேலே திறக்கும் வகை என்றால், கொளுவிய நிலையில் அது பெட்டியில் முட்டாமல் திறக்கிறதா என்றும் பாருங்கள். கொளுக்கியின் கைபிடியைத் தூக்கக் கை நுழைய வேண்டும். கழற்றி நிறுத்தும்போது இறக்கும் சின்னச் சில்லின் பிடி சுற்ற இடம் வேண்டும். பாதுகாப்புச் சங்கிலியும் விளக்கு வயரும் பெட்டிக்கு அடியில் நசியக் கூடாது.

பெட்டிக்கும் ட்ரெயிலரின் முன்சுவருக்கும் நடுவில் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். கிடங்கில் விழும்போது சட்டம் ஒரு விதமாகவும் உடல் ஒரு விதமாகவும் அசையும். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் சுவர்ப் பக்கம் வெடிக்கும். கையை விட்டுக் கழுவவும் அந்த இடைவெளி உதவும்.

பொருத்துவதில்தான் அதிகக் கவனம் தேவை. முன்சட்டம் உடலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிற அந்த இடத்தில்தான் இரும்புக்கு அதிக இழுவிசை. அங்கே பாரின் மேல் முகத்திலோ கீழ் முகத்திலோ துளை போட்டால், அல்லது குறுக்காக வெல்டிங் இழுத்தால், வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை போல ஓடும், ஒரு நாள் நடுத்தெருவில் சட்டம் முறியும். ஆகவே துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். அங்கிள் இரும்பு இரண்டைக் குறுக்காக வைத்து, கீழே தகடு கொடுத்து, பாரைச் சுற்றிப் பிடிக்கும் யு போல்ட்டால் இறுக்குங்கள். பெட்டியை அந்த அங்கிளில் பூட்டுங்கள். பிறகு பெட்டி வேண்டாம் என்றால் சட்டத்துக்கு ஒரு கீறலும் இல்லாமல் கழற்றலாம்.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சிறிய சுத்தியலால் பொக்ஸ் பாரை நுனியிலிருந்து உடல் வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். சத்தம் மந்தமாகும் இடத்தில், அல்லது உள்ளே துருச் செதில் சரசரவென்று உதிரும் இடத்தில், பார் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்று பொருள். கடலோரம் ஓடும் வண்டிகளில் இது சாதாரணம். திறந்திருக்கும் நுனி வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய் நின்றுவிடும். அப்படிப்பட்ட சட்டத்தின் மேல் பெட்டி ஏற்றாதீர்கள், முதலில் பாரை மாற்றுங்கள்.

சரி, இப்போது தகடு. உங்கள் அளவில், 40 செ.மீ. உயரப் பெட்டிக்கு ஏறத்தாழ 1.4 சதுர மீற்றர் தகடு வேண்டும். 1.2 மி.மீ. இரும்புத் தகட்டில் அதுவே 13 கிலோ. 2 மி.மீ. அலுமினியத்தில் ஏழரைக் கிலோ. அலுமினியம் நல்லதுதான், ஆனால் உப்புக் காற்றில் இரும்பு அங்கிளோடும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு இருந்தால், தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். நைலோன் வாசரும், நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தகடும் கட்டாயம்.

என்னைக் கேட்டால், திருகோணமலையில் இருக்கும் ஒருவருக்கு பைபர் பெட்டிதான் பொருத்தம். நம் கரையெங்கும் பைபர் படகுகள். அதைப் பூசவும் ஒட்டவும் தெரிந்த கைகள் பக்கத்திலேயே உண்டு. 6 மி.மீ. பிளைவூட்டில் பெட்டியைச் செய்து, உள்ளும் புறமும் பைபர் பாயும் ரெசினும் பூசச் சொல்லுங்கள். துரு என்ற பேச்சே இல்லை. ஒரே ஒரு பலவீனம், துளை. துளை வழியாகத் தண்ணீர் பிளைவூட்டுக்குள் போனால் உள்ளே உளுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் தேவையானதைவிடப் பெரிய துளை போட்டு, அதை ரெசினால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். போல்ட்டைச் சுற்றி ரெசின் வளையம் நிற்கும், மரத்தைத் தண்ணீர் தொடாது. உள்பக்கம் அகலமான வாசர் போடுங்கள்.

மூடி நாலு பக்கமும் 3 செ.மீ. கீழே இறங்கி மூட வேண்டும். விளிம்பில் றப்பர் பட்டி. பிணைச்சலை ட்ரெயிலர் சுவர்ப் பக்கம் வைத்தால் திறந்த மூடி சுவரில் சாய்ந்து நிற்கும், வசதி. ஆனால் ஓட்டத்தில் முன்பூட்டு கழன்றால் காற்று மூடியைத் தூக்கி எறியும். அதனால் இரண்டு கொண்டிகள் போடுங்கள், ஒன்றில் ஆமைப்பூட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரால் வழியும் தண்ணீர் நேரே பிணைச்சலில்தான் விழும். பழைய லொறி டியூப்பில் ஒரு பட்டி வெட்டி அதன் மேல் ஒட்டிவிடுங்கள்.

காஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழே தேங்கும். பெட்டியின் தரையில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் வெளியே திறக்கும் துவாரம் விட்டு, எலி நுழையாமல் ஸ்டெயின்லெஸ் வலை அடியுங்கள். பெட்டியிலிருந்து படுக்கும் இடத்துக்கு ஒரு வயர்த் துளைகூட இருக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், பட்டியால் கட்ட வேண்டும். ஓடும்போது வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். 12.5 கிலோ சிலிண்டரை நினைக்கவே வேண்டாம், இரும்பும் சேர அதன் பாரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2.3 கிலோ சிலிண்டர் இரண்டு பேரின் சமையலுக்குத் தாராளம். வைகாசி, ஆனி வெயிலைத் தாங்கப் பெட்டிக்கு வெள்ளை நிறம் பூசுங்கள்.

பட்டரியை அதே பெட்டியில் வைக்கவே கூடாது. ஈய அமிலப் பட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவிடும், வயர் முனையில் பொறியும் பறக்கலாம். காஸோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தனி மூடிய பெட்டியில், வெளியே போகும் காற்றுக்குழாயை மேல்பக்கம் கொடுத்து, தண்ணீர்க் கலனுக்குப் பக்கத்தில் அச்சுக்கு மேலே வையுங்கள். பட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் சாமான்களோடு மறுபடி முன்பாரத்தை நிறுத்துப் பாருங்கள். முதல் ஓட்டம் கந்தளாய் வரை போதும். அங்கே நிறுத்தி யு போல்ட் நட்டுகள் எல்லாவற்றையும் திரும்ப முறுக்குங்கள், புதிதாகப் பூட்டியவை கொஞ்சம் தளர்ந்திருக்கும். கடற்கரைக்குப் போய் வந்தால் பெட்டியின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வானின் பின்சில்லு வாரி அடிக்கும் உப்பு மணல் அங்கேதான் அப்பிக் கிடக்கும்.

கடைசியாக, பெட்டி மேல் ஏறி நின்று கூரையில் கட்டலாமா என்ற கேள்வி. வேண்டாம். மூடி நெளிந்தால் றப்பர் பிடிக்காது, மழை உள்ளே வரும். பெட்டிக்கு முன்னால் சட்டத்தின் மேல் சொரசொரப்பான மிதி தகடு ஒன்றை யு போல்ட்டால் பூட்டிக்கொள்ளுங்கள். அதன் மேலும், ட்ரெயிலர் வானோடு கொளுவியிருக்கும்போது மட்டுமே ஏறுங்கள்.