ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர்: முதலில் முகவரி

குளிர்கால செமஸ்டருக்கு மியூனிக் போகிறீர்கள். ஆறு மாதம்தானே, தெரிந்த சீனியர் அறையில் ஒட்டிக்கொண்டால் போதுமா, ஜாக்கெட் ஊரிலேயே வாங்கலாமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ஜாக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த முதல் கேள்விதான். நானும் ஸ்டுட்கார்ட்டில் வந்து இறங்கியது அப்படி ஒருவருடைய அறையில்தான்.

சீனியர் அறையில் தங்குவதில் தவறில்லை. ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: "அந்த முகவரியில் என்னைப் பதிவு செய்ய விடுவீர்களா?" ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பது அதுதான். அதற்கு, இடம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். 2015 நவம்பரிலிருந்து கட்டாயம். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்காமல் உள்வாடகைக்கு விடுகிறவர் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டார். "கொஞ்ச நாள்தானே, பதியாமலே ஓட்டிடலாம்" என்பார். நம்பாதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து விசா நீட்டிப்பு வரை அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.

எனக்கு அறை கொடுத்தவரும் தமிழர்தான். வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். கையெழுத்து கிடையாது, தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டவும் விடவில்லை. அங்கே அடுக்குமாடி முகவரியில் கட்டட எண் இருக்கும், உள்ளே எந்த வீடு என்ற எண் பெரும்பாலும் இருக்காது. பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். என் மருத்துவக் காப்பீட்டு அட்டை அப்படித்தான் திரும்பிப் போனது. காய்ச்சலோடு கிடந்த நேரம் அது. புதிதாக வருகிறவனின் பயத்தில் காசு பார்ப்பவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. நம் ஆள் என்று நம்பித்தானே வருகிறார்கள்?

பெட்டியில் பெயர் ஒட்டும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நம்மில் பலருக்கு அப்பா பெயர் இருக்கும். கடிதங்களும் அந்தப் பெயருக்குத்தான் வரும். அதனால் இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.

சீனியர் மறுத்தால் இன்றைக்கே உங்களை அழைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு எழுதுங்கள். பல இடங்களில் பரிமாற்ற மாணவர்களுக்கென்று கொஞ்சம் அறைகள் ஒதுக்கி வைத்திருப்பார்கள். போன பிறகு தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும், எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் அறை தேடுவார்கள். செப்டம்பர் கடைசியில் மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் கூட்டம் வேறு. தற்காலிகமாகத் தங்கும் இடத்துக்குக்கூட வாடகை எகிறியிருக்கும். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் பதிலே போடாதீர்கள். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு (ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவு சேராத வாடகை) மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்.

பதிவு செய்த பிறகு ஒலிபரப்புக் கட்டணம், அதாவது பொது வானொலிக்கும் டிவிக்கும் ஒவ்வொரு வீடும் கட்டும் பணம், கேட்டு ஒரு கடிதம் வரும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லையே என்ற பேச்செல்லாம் எடுபடாது. "கிழித்துப் போடு, ஊருக்குத்தானே போகப் போகிறாய்" என்று சொல்ல அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் பாக்கியும் அபராதமும்தான் ஏறும். அதே வீட்டில் வேறு ஒருவர் கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்புங்கள், முடிந்தது. கிளம்பும்போது முகவரிப் பதிவை நீக்குங்கள். இந்தக் கட்டணத்துக்குத் தனியாக எழுதி நிறுத்துங்கள்.

ஜெர்மன்காரர்களுக்குக் காகிதப் பைத்தியம் என்று நம்மவர்கள் கூடினாலே பேச்சு. எனக்கு அந்தக் காகிதங்கள் மேல் மரியாதை உண்டு. முறையான ஒப்பந்தத்தோடு வேறு அறைக்குப் போன பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அந்தக் கட்டடத்தில் எதிர்வீட்டு அம்மா ஒருவர் இருந்தார். ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோஹே என்று ஒரு வழக்கம்: படிக்கட்டைச் சுத்தம் செய்வது அந்த வாரம் யார் முறையோ, அவர் வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். முதல் முறை என் கதவில் தொங்கியபோது துடைப்பத்தோடு வந்து, கைப்பிடியையும் துடைக்க வேண்டும் என்று செய்து காட்டினார். அதன்பின் வந்த அரசாங்கக் கடிதங்களை அவர் வீட்டு மேசையில்தான் பிரித்தேன்; வரி வரியாக வாசிக்க வைத்தார். நான் ஜெர்மன் படித்தது அங்கேதான். இன்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அலுவலகக் கடிதங்களை நானே எழுதித் தருகிறேன்.

வேலையைப் பற்றி: மாணவர்களுக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு. ஆனால் ஒரு செமஸ்டருக்கு வருகிறவர் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். சீனியர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஒப்பந்தம் ஏதாவது கொடுத்தால் கையெழுத்துப் போடுமுன் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.