‘தங்க ரத்தம்’ என்கிறார்களே, அது நெகட்டிவ் ரத்தம்தானா?

இல்லை. நெகட்டிவ் என்றால், சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஆர்.எச். என்ற புரதக் குடும்பத்தில் ‘டி’ என்ற ஒரே புரதம் இல்லை என்று அர்த்தம். சி, இ வகைகள் இருக்கும். நீங்கள் கேட்கும் தங்க ரத்தம், அதாவது ‘ஆர்.எச். நல்’ (null, ‘ஒன்றுமில்லாத’) ரத்தத்தில் அந்தக் குடும்பமே காலி. 1961-ல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் முதலில் கண்டார்கள்.

பெரும்பாலும் கோளாறு ஆர்.எச்.ஏ.ஜி. என்ற துணைப் புரதத்தின் மரபணுவில். ஆர்.எச். புரதங்களைச் செல்லின் தோலுக்குக் கொண்டுசேர்ப்பது அதுதான். அது பழுதானால், மற்ற மரபணுக்கள் சரியாக இருந்தும் மேற்பரப்பில் ஒன்றும் வந்து நிற்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். அதனால் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளிடம் வாய்ப்பு கூடுதல்.

‘தங்கம்’ என்ற பெயர் எனக்கு உவப்பில்லை. அந்தப் புரதங்கள் செல்லின் தோலைத் தாங்கிப் பிடிப்பவை. இல்லாவிட்டால் சிவப்பணு வடிவம் மாறி, நடுவில் வாய் திறந்ததுபோல் பிளவு தெரியும், சீக்கிரம் உடையும். லேசான ரத்தசோகை வழக்கம். இந்த ரத்தம் உள்ளவருக்கு சாதாரண ரத்தம் ஏற்றினால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம்; அதன்பின் இன்னொருவரின் ‘ஆர்.எச். நல்’ ரத்தம்தான் சேரும். அதனால்தான் பலர் தங்கள் ரத்தத்தையே எடுத்து, கிளிசரால் கலந்து உறையவைத்து, தங்களுக்கென்றே சேமித்து வைக்கிறார்கள்.