ட்ரெய்லர்ல கிச்சன் பாக்ஸ்

கேள்வி: ஆஸ்திரேலியால பெர்த்ல இருக்கோம் சார். ஜூலைல வடக்கே இருக்கற கிப் ரிவர் ரோடுங்கற மண்ணு ரோட்டுல போறோம். ட்ரெய்லர் பின்னாடி இழுத்தா வெளிய வர்ற மாதிரி ஒரு கிச்சன் நானே செய்யலாம்னு இருக்கேன். எதெல்லாம் கவனிக்கணும்?

பதில்: தாராளமா செய்ங்க, ஆனா அந்த ரோட்ட மனசுல வச்சுட்டு செய்ங்க. டெர்பிலேர்ந்து குனுனரா பக்கம் வரைக்கும் சுமார் 660 கிலோமீட்டர், நிறைய இடத்துல தகரக் கூரை மாதிரி வரிவரியா மண்ணு ரோடு, அந்த அதிர்வுல சாதா ஸ்க்ரூ தானா கழண்டு வந்துரும். 12 மி.மீ. பிளைவுட் எடுத்து, மூலைக்கு பசை போட்டு ஸ்க்ரூ பண்ணி, வெயிட் தாங்கற இடத்துல நைலான் வளையம் வச்ச லாக் நட் போடுங்க. மரத்தூள் நார அழுத்தி செய்யற எம்.டி.எஃப் போர்டு வேணவே வேணாம், தண்ணி பட்டா ஊதிடும். டிராயர் ஸ்லைடு உள்ள தள்ளினாலும் லாக் ஆகணும் முழுசா இழுத்தாலும் லாக் ஆகணும், இல்லேன்னா சரிவுல நிறுத்தி குழம்பு கொதிச்சிட்டு இருக்கும்போதே அடுப்போட உள்ள போயிரும். செம்மண் தூசி எங்கயும் நுழையும், கதவு விளிம்பு பூரா ரப்பர் பட்டை ஒட்டிருங்க.

கேஸ் விஷயத்துல மட்டும் தயவுசெஞ்சு அலட்சியம் வேணாம். எல்பிஜி காத்த விட கனம், லீக் ஆனா பெட்டி அடியிலயே தேங்கி நிக்கும். சிலிண்டர வெளிய ஸ்டாண்ட்ல நிமிர்த்தி கட்டுங்க, ஒவ்வொரு தடவ மாட்டினதும் சோப்பு தண்ணி தடவி குமிழ் வருதான்னு பாருங்க.

இன்னொண்ணு, எல்லா வெயிட்டும் பின்னாடி போச்சுன்னா ட்ரெய்லர் ஆடும். மொத்த எடைல சுமார் 10 சதவீதம் டோ பால் (வண்டி பின்னாடி ட்ரெய்லர மாட்டற இரும்பு உருண்டை) மேல இருக்கணும், அதனால தண்ணி டேங்க ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) கொஞ்சம் முன்னாடி வைங்க.